பிளாங்க் குடுவையில் வாழைப்பழ வாசம்

சிரிப்பு வரும். கட்டாயம் வரும், விலா நோக வரும், ஆனால் இப்போதே இல்லை. தும்மலை மூக்கு நுனியில் பிடித்து நிறுத்துவதுபோல இன்னும் ஒரு நிமிஷம், போனால் இரண்டு நிமிஷம் நிறுத்திவைக்க வேண்டும் என்று டெல்பின் கீழுதட்டை உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டாள். மணி ஒன்று நாற்பது. ஆராய்ச்சிக் கூடத்தில் அவளைத் தவிர ஆளில்லை. வராந்தாக் குழாயடியில் ஆவுடையக்கா சாப்பாட்டு டப்பாவைக் கழுவுகிறாள், மூடியைச் சுவரில் தட்டித் தண்ணீரை உதறுகிறாள், இதோ வந்துவிடுவாள். மேசைமேல் வெந்நீர்த் தொட்டியில் நாலு குடுவைகள் கழுத்தளவு முங்கி, தூளியில் கிடக்கிற பிள்ளைகள் மாதிரி மெல்ல ஆடிக்கொண்டிருந்தன. முதல் மூன்றில் ஆவுடையக்காவின் ஐந்து வருஷம் இருந்தது: எண்ணெய் மில் புண்ணாக்கு மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சை, அந்தப் பூஞ்சையிலிருந்து அவள் பிரித்தெடுத்த என்சைம், அந்த என்சைமை அடைத்துவைத்த ஜவ்வரிசி போன்ற உருண்டைகள். அந்த என்சைம் ஓர் ஆல்கஹாலையும் காடியில் இருக்கிற அமிலத்தையும் பிடித்துச் சேர்த்து எஸ்டர் ஆக்குகிறது. எஸ்டருக்கு வாழைப்பழ வாசம். வாழைக்காய் பழமாகும்போது தனக்குள்ளே தானே செய்துகொள்கிற அதே சரக்கு. நாலாவது குடுவைக்குப் பெயர் பிளாங்க். அதே ஆல்கஹால், அதே அமிலம், அதே ஜவ்வரிசி, என்சைம் மட்டும் கிடையாது. ஆகவே அதில் ஒன்றும் நடக்கக் கூடாது, ஒரு வாசமும் வரக் கூடாது. அந்த நாலாவதின் கண்ணாடி மூடி விளிம்பில்தான் டெல்பின் ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் மூன்று சொட்டு வாழைப்பழ எசென்ஸ் விட்டிருந்தாள். கேக்குக்குப் போடுகிற எசென்ஸ். மூன்றே சொட்டு. அக்கா வருவாள், முகர்வாள், கண் பிதுங்கும், ஐயோ என்பாள், அந்த ஐயோ முடிகிற இடத்தில் கதவுக்குப் பின்னாலிருந்து ஞானதுரை சார் குரலில் டெல்பின் சொல்வாள்: "ஆக்சுவலா என்னன்னா ஆவுடை, என்சைமே இல்லாம என்சைம் வேலைய நடத்திக் காட்டிட்ட, கன்கிராஜுலேஷன்ஸ்." துறைத்தலைவர் ஞானதுரை சாருக்கு ஆக்சுவலா இல்லாமல் வாக்கியம் தொடங்காது, முடிக்கும்போது பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சுவார். அந்த உறிஞ்சலைக்கூட அவள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள்.

ஒத்திகை பார்க்காத குரல் அவளிடம் எது இருந்தது. பதினெட்டு வயது, பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு, லீவில் இரண்டு மாதம் ஆராய்ச்சி பழக வந்தவள். வந்த மூன்றாம் நாளே அட்டெண்டர் சுடலைமுத்து அண்ணன் மூக்குப்பொடி போட்டபிறகு பேசுகிற அடைத்த குரல் அவள் தொண்டைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. பங்குச்சாமியார் பிரசங்கத்தில் இழுக்கிற அன்பா...னவர்களே, பஸ் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு சொல்கிற உள்ளபோ உள்ளபோ, அம்மா மீன்காரியிடம் ஒரு மாதிரியும் மாதா சொரூபத்திடம் ஒரு மாதிரியும் பேசுகிற இரண்டு குரல், எல்லாம் உண்டு. போன மாதம் கதவுக்கு வெளியே நின்று சார் குரலில், இன்னைக்கு இன்ஸ்பெக்‌ஷன், எல்லாரும் லேப்பப் பூட்டிட்டுக் கிளம்புங்க என்றாள். மூன்று பேர் அடுப்பை அணைத்துவிட்டு வீட்டுக்கே போய்விட்டார்கள். அதற்கப்புறம்தான் நிஜ சார் அவளை நிற்கவைத்து, "ஆக்சுவலா என்னன்னா, இன்னொரு தடவை இந்த வாய் வேலைய இங்க காட்டினா நீ வீட்ல இருந்துக்கலாம், சர்டிபிகேட்டெல்லாம் கேக்கக் கூடாது" என்றார். அப்போது ஆவுடையக்காதான் எழுந்து, "எங்கிட்ட விடுங்க சார், நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். அதில் ஏற்றமில்லை, இறக்கமில்லை, தரையில் ஊற்றிய தண்ணீர் மாதிரி மட்டமான குரல். டெல்பின் பிடிக்கவே முடியாமல் விட்ட ஒரே குரல் அது. பிடிப்பதற்குப் பிடியே இல்லை.

ஈரக்கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு அந்தக் குரல் உள்ளே வந்தது. "ஏட்டி, சாப்ட்டியா." "சாப்ட்டேன்க்கா." அக்கா தொட்டிப் பக்கம் போனாள். முதல் குடுவை மூடியை இரண்டு விரலால் தூக்கி, மூக்கைக் கொண்டுபோகாமல் உள்ளங்கையால் காற்றை விசிறி இழுத்தாள். தலையை ஆட்டிக்கொண்டாள். இரண்டாவது. மூன்றாவது. இப்போது நாலாவது, டெல்பினுக்குச் சிரிப்பு நெஞ்சுக்குழியில் ஏறி நின்றது, நாலாவது மூடியைத் தூக்கினாள், விசிறினாள். கை நின்றது. மறுபடி விசிறினாள். மூடியைப் போட்டுவிட்டு மூன்றாவதை முகர்ந்தாள், திரும்ப நாலாவதை முகர்ந்தாள். ஐயோ வரவில்லை. ஐயோ வரவேண்டிய இடம் காலியாகக் கிடந்தது, அதன் முடிவில் பேசக் காத்திருந்த ஞானதுரை சார் குரலுக்கு இறங்குமிடம் தெரியவில்லை, தொண்டையிலேயே நின்றுவிட்டார். அக்கா ஸ்டூலை இழுத்து உட்கார்ந்து ஒரு கையை மேசைமேல் வைத்தாள். "நாலாவதைத் தொட்டியாட்டி நீ." இப்போது சொல்லிவிடலாம், இதுதான் நேரம், சொல்லிவிட்டுச் சிரித்துவிட்டால் முடிந்தது, என்று அவள் நினைத்து முடிப்பதற்குள், "இல்லக்கா" என்று வாய் சொல்லிவிட்டது. யாருடைய குரல் அது. கேள்வி வந்தால் முதலில் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும் என்று பழகிய வாய். "ம். அப்பம் சரி" என்றாள் அக்கா. "அப்பம் அந்த ஆளு கேட்டது சரிதான்."

அந்த ஆள் யாரென்று டெல்பினுக்குத் தெரியும். அக்கா அனுப்பிய கட்டுரையைப் படித்துப் பார்த்த, பெயர் தெரியாத யாரோ ஒருவர். எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் என்சைம் இல்லாமலே இந்த எஸ்டர் உண்டாகவில்லை என்பதற்கு என்ன ருசு, காட்டுங்கள், என்று ஒற்றை வரி எழுதியிருந்தார். அந்த ஒற்றை வரிக்காகத்தான் நாலாவது குடுவை. இன்று ஐந்து மணிக்குள் பதில் போக வேண்டும். பதில் போகாவிட்டால் கட்டுரை இல்லை, கட்டுரை இல்லாமல் பல்கலைக்கழகம் தீசிஸ் வாங்காது. சங்கரன்கோவில் பக்கமிருந்து விடியற்காலைப் பஸ் பிடித்து வந்த ஐந்து வருஷமும், அம்மாவிடம் விட்டுவிட்டு வந்த நாலு வயதுப் பிள்ளையும், எல்லாம் அந்த ஒற்றை வரியில் வந்து நிற்கிறது. இதெல்லாம் காலையிலேயே தெரியும். தெரிந்துதான் மூன்று சொட்டு. தெரிந்தால்தானே சிரிப்பு பெரிதாக வரும் என்று பேக்கரிக்காரரிடம் எசென்ஸ் கேட்டு வாங்கும்போது நினைத்தது இப்போது டெல்பினுக்கு ஞாபகம் வந்தது. "ஆவட்டும். மூக்கை நம்பக் கூடாது, மெஷின்ல போட்டுப் பாத்துருவோம்" என்று எழுந்த அக்கா நாலாவதிலிருந்து ஒரு சொட்டான் நிறைய உறிஞ்சினாள். மெஷினில் போடுவதற்கு முன்னால் அமிலத்தைச் சோடா நீரில் கழுவி எடுக்க வேண்டும். ஃபிரிட்ஜுக்குப் பக்கத்து மேடையில் முதுகைக் காட்டிக்கொண்டு ஏதேதோ குலுக்கினாள், ஊற்றினாள். கட்டைவிரல் அளவு குப்பி ஒன்றோடு திரும்பினாள். மூடியில்தான் விட்டேன், உள்ளே விடவில்லை, என்று டெல்பின் தனக்குள் சொல்லிக்கொண்டாள். விளிம்பில்தான். விளிம்பில் விட்டது வழியாதா. முதல் சொட்டு விளிம்பில் நின்றது, பார்த்தேன். இரண்டாவது முதல் சொட்டோடு சேர்ந்தது. மூன்றாவது எங்கே போயிற்று.

எந்திர அறைக்குள் போகச் செருப்பைக் கழற்ற வேண்டும். துறையிலேயே ஏசி உள்ள ஒரே அறை, உள்ளே ஒரே ஒரு மெஷின். சரஸ்வதி பூஜைக்கு இட்ட சந்தனமும் குங்குமமும் அதன் நெற்றியில் காய்ந்து இன்னும் உதிராமல் இருக்கிறது, உள்ளே ஊசிமுனை அளவு தீ எரிந்துகொண்டே இருக்கிறது. அக்கா ஊசியில் ஒரு துளி ஏற்றிக் குத்தினாள், பொத்தானை அமுக்கினாள், "பதினஞ்சு நிமிஷம்" என்றாள். திரையில் ஒரு பச்சைக் கோடு கிளம்பி வலது பக்கமாக ஊர்ந்தது. அந்தத் துளிக்குள் என்னென்ன இருக்கிறதோ ஒவ்வொன்றும் அதனதன் நேரத்துக்கு ஒவ்வொன்றாக வெளியே வரும், வரும்போது கோடு மேடாக எழும்பும், அந்த மேட்டுக்குப் பீக் என்று பெயர். எஸ்டருக்கு நேரம் ஒன்பதரை நிமிஷம். ஒன்பதரையில் கோடு தரையோடு போனால் அக்கா பிழைத்தாள், டெல்பினும் பிழைத்தாள். மூன்று சொட்டு எவ்வளவு. இந்த மெஷின் வியர்வையைக்கூடக் கண்டுபிடிக்கும் என்று சுடலைமுத்து அண்ணன் அடைத்த மூக்கோடு சொல்வார், எம்மா இதுக்கு முன்னால பொய் நிக்காது பாத்துக்க. அவர் சொல்வதை அவர் குரலிலேயே மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. கோடு சட்டென்று செங்குத்தாக எழும்பித் திரையின் உச்சியை முட்டிற்று, டெல்பினின் கை நாற்காலி விளிம்பைப் பிடித்தது. "அது ஹெப்டேன்ட்டி. கரைச்சிருக்கிற கரைப்பான். அது எப்பவும் முதல்ல வரும்" என்றாள் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். இரண்டு நிமிஷம் பத்து வினாடி. கோடு இறங்கித் தரைக்கு வந்து மறுபடி ஊர ஆரம்பித்தது. ஒன்பதரைக்கு இன்னும் ஏழு நிமிஷத்துக்கு மேல் இருக்கிறது. ஏழு நிமிஷத்தில் சொல்லிவிடலாம். எப்படிச் சொல்வது, அக்கா நான் ஒரு காரியம் பண்ணிட்டேன், இது நாடகத்தில் வருகிற மாதிரி இருக்கிறது. அக்கா ஒரு சின்ன விஷயம், இது சாரிடம் லீவு கேட்கிற மாதிரி. அன்பானவர்களே நம் முதற்பெற்றோர் ஒரு பழத்தினாலேதான் என்று பங்குச்சாமியார் தானாகவே ஆரம்பித்துவிட்டார், அவரை வாயை மூடச் சொல்ல வேண்டியிருந்தது.

இந்த மாதிரி ஒரு தடவை வாயை மூடாமல் விட்டதுண்டு. ஒன்பது வயது இருக்கும். கடலுக்குப் போனவர்களின் படகு இரண்டு நாளாகத் திரும்பவில்லை, தெருவில் பெண்கள் வாசலில் நின்றபடியே சோறு தின்றார்கள், அப்போது அவள் சந்து முனையில் ஒளிந்துகொண்டு, அந்தப் படகில் போயிருந்த அந்தோன் மாமா குரலில், கரகரவென்று, போட்டு வந்துட்டு போட்டு வந்துட்டு என்று கத்தினாள். ஓடினார்கள். முழங்கால் தெரியச் சேலையைத் தூக்கிக்கொண்டு அத்தனை பேரும் கரைக்கு ஓடினார்கள், ஓட்டம் பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது, பிறகு ஒவ்வொருத்தராக முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்கள், ஃபிளாரா சித்தி மட்டும் வரவில்லை. சித்தி அங்கேயே நின்றாள். கூப்பிட்டதற்கு, அந்தோன் கூப்பிட்டானே, நான் கேட்டேனே, என்றாளாம். மறுநாள் போட்டு நிஜமாகவே வந்தது, ஆட்களெல்லாம் வந்தார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, யார் கத்தியது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள். என்சைமைப் பற்றி அக்கா முதல் நாள் சொல்லிக்கொடுத்தபோது டெல்பினுக்கு ரொம்பப் பிடித்துப்போன ஒரு சங்கதி: அது இரண்டு பேரைப் பிடித்து ஒட்டவைக்கும், வேலை முடிந்ததும் தான் மட்டும் தேயாமல் கரையாமல் அப்படியே வெளியே வந்துவிடும். நம்மள மாதிரி, என்று அன்றைக்கு உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். ஓடவிடலாம், முட்டவிடலாம், நாம் அப்படியே வந்துவிடலாம். இப்போது ஏன் தேய்கிறது. ஐந்து நிமிஷம் தாண்டிவிட்டது. கோடு தரையோடு தரையாகப் போய்க்கொண்டிருந்தது, அது எத்தனை நேரம் தரையோடு போகிறதோ அத்தனைக்கு நல்லது, இப்படியே போ, இப்படியே போ, மாதாவே இது இப்படியே போகட்டும். அக்கா முகத்தின் ஒரு பாதியில் திரையின் பச்சை. அழுகிறாளா. அழுதால் மூக்கு உறிஞ்சுமே. ஏசி சத்தத்தில் தெரியவில்லை. "சாருக்கு போன் போட்டு, கட்டுரையத் திருப்பி வாங்கிக்கிடலாம்னு சொல்லிரணும்" என்றாள் அக்கா அதே மட்டமான குரலில், சோப்பு தீர்ந்துபோயிற்று என்று சொல்வது மாதிரி. "பீக்கு வரட்டும், வந்ததும் சொல்லிருதேன்." போன் அவள் மடிமேல் இருந்தது. வராமலும் போகலாம்க்கா, என்று சொல்ல வாயெடுத்தவள் மறுபடி கோட்டைப் பார்த்தாள். எட்டு நிமிஷம். எட்டே முக்கால்.

ஒன்பது நிமிஷம் இருபது வினாடியில் கோடு நடுங்கிற்று. நடுங்கிய இடத்திலிருந்து எழுந்தது, ஒல்லியாக, நேராக, அவசரமே இல்லாமல், பனைமரம் மாதிரி எழுந்து நின்றது. அக்கா மடியிலிருந்து போனை எடுத்தாள். சார் பெயரைத் தேடி விரல் திரையில் மேலே தள்ளிக்கொண்டே போகிறது, அ, க, ச, ஞ, விரல் நின்றுவிட்டது, டெல்பின் எழுந்தாள், நாற்காலி பின்னால் சாய்ந்து சுவரில் இடித்தது. "அக்கா போடாதிய. நாந்தான். நாந்தான் விட்டேன். எசென்ஸு. மூணு சொட்டு, மூடியிலதான் விட்டேன், உள்ள வழிஞ்சிருக்கும், உங்க என்சைம் நல்லாத்தான் இருக்கு, நான் சிரிக்கதுக்காச் செஞ்சேன்." சொல்லிவிட்டாள். சொல்லி முடித்த பிறகுதான் அந்தக் குரலை அவளே கேட்டாள்: கீச்சென்று, நடுவில் உடைந்து, கொஞ்சம் ஈரமாக, இதுவரை எங்கேயும் கேட்டறியாத ஒரு பிள்ளையின் குரல். அக்கா விரலை எடுக்காமல் நிமிர்ந்து பார்த்தாள். "இது யாரு குரல்ட்டி. புதுசா இருக்கு." "என் குரல்தாங்க்கா." "உன்னை எப்பிடி நம்ப. போன மாசம் சார் குரல்ல சொன்ன, அதையும் நம்புனோம்." "சத்தியமாக்கா. பாட்டில் என் பைக்குள்ள இருக்கு, எடுத்துக் காட்டுதேன். சார்ட்ட நானே சொல்லுதேன், என்னைய அனுப்பிரட்டும், நீங்க மட்டும் திருப்பி வாங்காதிய." கண்ணிலிருந்து இறங்கியது மூக்கு நுனிக்கு வந்துவிட்டது, துடைக்கத் தோன்றவில்லை. அக்கா போனைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தாள். "சரி. பாட்டிலு இருக்கட்டும். மெஷின்ல ஓட்டுனா ஓட்டுன உடனே ரிஜிஸ்டர்ல ஏத்தணும், அது பொய்யோ நிஜமோ. அழுதுக்கிட்டே எழுது, மை கரையாம."

ரிஜிஸ்டரை இழுத்து வைத்துக்கொண்டாள். தேதி. நேரம். ஊசி போட்டவர் பெயர். அதற்குப் பக்கத்தில் மூன்று கட்டங்கள், அக்கா ஐந்து வருஷமாக ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு வருகிற கட்டங்கள்: கரைப்பான், ஆல்கஹால், எஸ்டர். சுடலைமுத்து அண்ணனும் இல்லை, சாமியாரும் இல்லை, மண்டைக்குள் ஒருத்தரும் பேசவில்லை, மழை விட்ட பிறகு ஓட்டில் கேட்கிற மாதிரி ஒரு அமைதி, அதில் பேனா கிறுகிறுவென்று போயிற்று. கரைப்பான், இரண்டு புள்ளி ஒன்று. அடுத்த எண்ணைத் திரையில் பார்த்து, ஒன்பது புள்ளி நாலு என்று எழுதினாள்; எழுதியது இரண்டாவது கட்டத்தில் விழுந்திருந்தது. அடித்துவிட்டு மூன்றாவது கட்டத்தில் எழுதினாள். இரண்டாவது கட்டத்துக்கு எண் தேடினாள். ஆல்கஹால் ஐந்து நிமிஷத்துக்குப் பக்கத்தில் வரும், முந்தின பக்கத்தில் வரிசையாக இருக்கிறது, ஐந்து புள்ளி இரண்டு, ஐந்து புள்ளி இரண்டு, ஐந்து புள்ளி மூன்று. திரையில் ஐந்துக்குப் பக்கத்தில் கோடு துடைத்துவிட்ட தரை மாதிரி கிடந்தது. அந்த ஐந்தைத் தாண்டும்போதுதான் மாதாவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள், இப்படியே போகட்டும் என்று. ஒருவேளை வந்து கவனிக்கவில்லையோ என்று கோட்டை விரலால் தடவிக்கொண்டே போனாள். இல்லை. நாலாவது குடுவையில் காலையில் ஆல்கஹாலை அளந்து ஊற்றியவளே அவள்தான். என்சைம் இல்லை, ஆகவே அது செலவாகியிருக்காது, அத்தனையும் அப்படியேதான் இருக்க வேண்டும். எசென்ஸ் மூன்று சொட்டு விழுந்தால் எஸ்டர் வரலாம், சரி, ஒப்புக்கொள்ளலாம், ஆனால் ஆல்கஹால் எப்படிப் போகும். யார் குடித்தார்கள். கரைப்பானும் எஸ்டரும் மட்டும், வேறு ஒரு தூசி இல்லாமல், இவ்வளவு சுத்தமாக எந்தக் குடுவையிலிருந்தும் வராது. ஃபிரிட்ஜில் ஒத்துப்பார்க்க வைத்திருக்கிற சுத்த எஸ்டர் பாட்டிலிலிருந்து ஒரு துளி எடுத்து ஹெப்டேனில் கரைத்துக் குத்தினால்தான் இப்படி வரும். ஃபிரிட்ஜ். கழுவுகிற மேடை. முதுகைக் காட்டிக்கொண்டு ஏதேதோ குலுக்கினாளே. டெல்பின் பேனாவை வைத்துவிட்டுத் தலையைத் தூக்கினாள். அக்கா திரைப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள், துப்பட்டா முனை வாய்க்குள் இருந்தது, தோள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன.

"அக்கா," என்றாள் டெல்பின். "ஆல்கஹால எங்க."

அக்கா துப்பட்டாவை வாயிலிருந்து எடுத்தாள். "அஞ்சாவது நிமிஷத்துலருந்து காத்துக்கிட்டிருக்கேன்ட்டி, நீ எப்பம் கேப்பன்னு."